ஐயாயிரம் பவுண்டு கதைகள்: காமன்வெல்த் சிறுகதைப் பரிசில் வென்றவற்றைப் படிப்பது எப்படி

ஆண்டுதோறும் நடக்கும் பன்னாட்டுச் சிறுகதைப் போட்டிகளில், தமிழில் எழுதித் தமிழிலேயே அனுப்பலாம் என்று விதியிலேயே இடம் கொடுத்திருப்பது காமன்வெல்த் சிறுகதைப் பரிசு. லண்டனில் இருக்கும் காமன்வெல்த் அறக்கட்டளை இதை நடத்துகிறது. இப்போதுள்ள வடிவில் 2012 முதல் பரிசு தரப்படுகிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. வென்ற கதைகள் கிராண்டா என்ற ஆங்கில இலக்கிய இதழின் இணையதளத்தில் வெளியாகி வந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் இரண்டாயிரம் சொல்லிலிருந்து ஐயாயிரம் சொல்லுக்குள் அடங்குவதால், நிதானமாகப் படித்தாலும் ஒரு கதைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். வென்ற கதைகளில் பாதிக்கு மேல் கட்டாயம் படிக்க வேண்டியவை. ஆனால் புதுக் கருவைத் தேடிப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். கணவன் இறந்த பிறகு இன்னொரு மனைவி இருந்தது தெரியவருவது, இந்துப் பெண்ணுக்கும் முஸ்லிம் பையனுக்கும் வரும் ஈர்ப்பு, சாகக் கிடக்கும் அப்பாவிடம் திரும்பி வரும் மகன் எனக் கரு மட்டத்தில் எல்லாம் நம் வார இதழ்களில் பலமுறை வந்தவைதான். இவற்றுக்குப் பரிசு வாங்கித் தந்தது சொல்லும் குரல். யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார், எதை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் விழுங்குகிறார் என்பதை எழுதியவர் முதல் பத்திக்கு முன்பே முடிவு செய்துவிட்டார். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு படித்தால் பதினான்கு ஆண்டுக் கதைகளும் ஒரு பயிற்சிப் பட்டறையாக மாறிவிடும்.

போட்டி நடக்கும் முறையைச் சுருக்கமாகச் சொன்னால், ஆப்பிரிக்கா, ஆசியா, கனடாவும் ஐரோப்பாவும், கரீபியன், பசிபிக் என்று ஐந்து மண்டலங்கள். மண்டலத்துக்கு ஒருவர் வெல்கிறார். அவருக்கு 2,500 பவுண்டு. அந்த ஐவரில் ஒருவர் ஒட்டுமொத்த வெற்றியாளர். அவருக்கு 5,000 பவுண்டு, நம் பணத்தில் ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேல். நடுவர் குழுவில் ஒரு தலைவரும் மண்டலத்துக்கு ஒருவராக ஐந்து பேரும் இருக்கிறார்கள். கதையில் எழுதியவர் பெயர் இருக்கக் கூடாது. 2020இல் வந்த கதைகள் 5,107. 2024இல் 7,359. 2025இல் 7,920. அதாவது கடைசியாகச் சொன்ன ஆண்டில் மண்டலப் பரிசு கிடைத்தவர் ஏறத்தாழ ஆயிரத்து அறுநூறு பேரில் ஒருவர். முதல் சுற்றில் கதைகளைச் சலித்தெடுக்கும் வாசகர் ஒரே நாளில் எத்தனை கதை புரட்டியிருப்பார் என்று எண்ணிப் பார்த்தால், முதல் பக்கத்தில் குரல் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது புரியும்.

எந்தக் கதையிலிருந்து தொடங்குவது என்று கேட்டால் 2014இல் வென்ற கதையைத்தான் கைகாட்ட வேண்டும். உகாண்டாவைச் சேர்ந்த ஜெனிஃபர் நான்சுபுகா மகும்பி எழுதியது. தலைப்பைத் தமிழில் ‘இந்தக் கதையை ஒழுங்காகச் சொல்வோம்’ எனலாம். மான்செஸ்டரில் வாழும் ன்னாம் என்ற பெண்ணின் கணவன் வீட்டிலேயே இறந்துபோகிறான். உடலை ஊருக்குக் கொண்டுபோய் இறங்கும்போதுதான் அவனுக்கு அங்கே ஒரு மனைவி இருப்பது அவளுக்குத் தெரிகிறது. இதே கரு நம் கையில் கிடைத்தால் விமான நிலையக் காட்சியைக் கடைசிக்கு ஒளித்துவைத்துத் திடுக்கிட வைப்போம். மகும்பி அதைச் செய்யவில்லை. கதை தொடங்கும்போதே எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. அவள் வீட்டுக்கு நீங்கள் இப்போது போனால் பெயின்ட் வாசனை மூச்சை அடைக்கும் என்று வாசகரை நேரே விளித்துத் தொடங்குகிறார். ஒரு பெண் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறாள், கணவனின் பொருள்களை அகற்றுகிறாள். ஏன் என்ற கேள்விதான் நம்மை இழுத்துக்கொண்டு போகிறது.

அதைவிடப் பெரிய தீர்மானம் ஒன்றும் இதில் இருக்கிறது. துக்க வீட்டில் அவளுக்காக வாதாட நடுத்தர வயதுப் பெண்கள் ஒரு படையாக வந்து இறங்குகிறார்கள். சாவு வீட்டில் வெடிக்கும் சண்டையை நேரில் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சியின் உயிர் உடனே பிடிபடும். ஒப்பாரிக்கும் ஏச்சுக்கும் நடுவே நியாயம் பேசப்படும் அந்த வாசல் நம்மூரிலும் உண்டு. லுகாண்டா மொழிச் சொற்களை அங்கங்கே அப்படியே விட்டிருக்கிறார், அடிக்குறிப்பு இல்லை. இடத்தை வைத்தே பொருள் தெரிந்துவிடுகிறது. இதே மகும்பி 2024இல் நடுவர் குழுத் தலைவராக இருந்தார் என்பது, பரிசின் ரசனை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதற்கு ஒரு தடயம்.

அடுத்ததாக 2021. இலங்கையின் கன்யா டி அல்மெய்டா எழுதிய கதை. இலங்கையிலிருந்து ஒட்டுமொத்தப் பரிசு பெற்ற முதல் எழுத்தாளர் இவர். ‘நான் சுத்தம் செய்தது’ என்று தொடங்கி அடுத்த சொல் வராமல் ஒரு கோட்டோடு தலைப்பு நின்றுவிடுகிறது. அந்தச் சொல் மலம். வீட்டு வேலை செய்து வாழ்ந்த ஒரு பெண், போக்கிடம் இல்லாமல் வந்து சேர்ந்த இல்லத்தில் இன்னொரு பெண்ணிடம் தன் கதையைச் சொல்கிறாள். பிறர் குழந்தையின் கழிவை ஆண்டுக்கணக்கில் சுத்தம் செய்த வேலை, அதனூடே ஒட்டிக்கொண்ட பாசம், குளியலறைக் கதவுக்குப் பின்னால் நடந்த ஒரு காதல் எல்லாம் அவள் வாய்வழியே வருகின்றன. தலைப்பில் உள்ள அந்தக் கோடுதான் இந்தக் கதையின் தொழில்நுட்பம் முழுவதும். சொல்லக் கூசும் இடங்களில் பேச்சு நிற்கிறது; பிறகு வேறு பக்கமாகத் திரும்பி வந்து அதையே சொல்லிவிடுகிறது.

தமிழில் எழுதுகிறவர் இதை இரண்டு முறை படிக்க வேண்டும். முதல் முறை கதைக்காக. இரண்டாம் முறை, கேட்டுக்கொண்டிருக்கும் பெண் எங்கெங்கே கதைக்குள் எட்டிப் பார்க்கிறாள் என்று பென்சிலால் குறித்துக்கொண்டே. தன்மைக் கூற்றில் கதை எழுதும்போது நம்மில் பலர் மறந்துபோவது கேட்பவரைத்தான். ஒருத்தி தன் கதையைச் சொல்கிறாள் என்றால் அது யாருக்கு, ஏன் இப்போது என்ற கேள்விக்குப் பதில் இல்லாதபோது, அந்த ‘நான்’ எழுத்தாளரின் குரலாகவே ஒலிக்கும். வேலைக்காரப் பெண் சொல்வதாக எழுதப்பட்ட கதையில் ‘நினைவின் இடுக்குகளில்’ என்பது போன்ற தொடர்கள் வந்து உட்கார்வது இதனால்தான்.

2024இல் வென்ற மும்பைக்காரர் சஞ்சனா தாக்கூரின் கதைக்கு ஐஸ்வர்யா ராய் என்று பெயர். தலைப்பு ஆளை இழுக்கும். உள்ளே இருப்பது அதைவிட விநோதமானது. அவ்னி என்ற இளம்பெண் ஒரு காப்பகத்திலிருந்து அம்மாக்களை ஒவ்வொருவராக வீட்டுக்கு அழைத்து வந்து பொருத்தம் பார்க்கிறாள். முதலாமவளுக்குச் சுத்தம் கூடிப்போய்விட்டது. நடிகையைப் போலவே இருக்கும் இரண்டாமவளுக்கு அழகு கூடிப்போய்விட்டது. சுவர் மெலிந்த சின்ன அடுக்குமாடி வீடு, சிறிய பால்கனி, சுற்றிக்கொண்டிருக்கும் துணி துவைக்கும் இயந்திரம். நடக்கவே நடக்காத ஒரு நிலையை வைத்துக்கொண்டு சுற்றியுள்ள மற்ற எல்லாவற்றையும் துல்லியமாகச் சொல்வதுதான் இதன் உத்தி. இப்படியொரு காப்பகம் எப்படி வந்தது, யார் நடத்துகிறார்கள், சட்டம் என்ன என்று விளக்கத் தொடங்கியிருந்தால் கதை அங்கேயே சரிந்திருக்கும். நடக்காததை நடப்பது போலவே சொல்லும் நம் மாய யதார்த்த முயற்சிகள் பெரும்பாலும் விழுவது அந்த விளக்கப் பத்தியில்தான்.

2020இல் வென்றது ராஞ்சியைச் சேர்ந்த கிருத்திகா பாண்டேயின் கதை. கறுப்புப் பொட்டு வைத்த பெண், வெள்ளைக் குல்லா அணிந்த பையன். இருவருக்கும் பெயரே கிடையாது. ஊரார் அவர்களைப் பார்க்கும் விதத்தையே பெயராகச் சூட்டியிருக்கிறார். ஒவ்வொரு முறை அந்த அடையாளம் திரும்ப வரும்போதும் அடுத்து என்ன நடக்கப் போகிறதோ என்ற பயம் கூடுகிறது. பெயர் தவிர்ப்பது பழைய உத்திதான். இங்கே அதற்கு ஒரு வேலை இருக்கிறது. வேலை இல்லாதபோது ‘அவன்’, ‘அவள்’ என்று மொட்டையாக எழுதுவது வெறும் பூடகம்.

மலேசியத் தமிழர் சரஸ் மாணிக்கத்தின் ‘என் அம்மா பட்டு’ 2019இல் ஆசிய மண்டலப் பரிசு பெற்றது. ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. மகள் மீது பொறாமையும் வன்மமும் கொண்ட ஒரு தாயைப் பற்றிய கதை. தாய்மையைக் கும்பிட்டே பழகிய கதை மரபில் இது எளிதான காரியமில்லை. பட்டு கெட்டவளாக இருப்பதற்குச் சாக்கு எதையும் கதை தேடவில்லை. அதே நேரத்தில் அவள் அட்டைப் பொம்மையாகவும் ஆகவில்லை. ஒட்டுமொத்தப் பரிசு இதற்குக் கிடைக்கவில்லை என்பதால் பலர் கண்ணில் படாமல் போயிருக்கும். பட்டியலில் இதை விட்டுவிடாதீர்கள்.

அந்த ஆண்டு ஒட்டுமொத்தமாக வென்றது சைப்ரஸின் கான்ஸ்டான்ஷியா சொடெரியு கிரேக்க மொழியில் எழுதி, லீனா ப்ரோடோபாபா ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த ‘சாவுச் சடங்குகள்’. தாய்மொழியில் எழுதுகிறவர்கள் மிகவும் கவனிக்க வேண்டியது இதுதான், ஏனென்றால் மொழிபெயர்ப்பாக வந்து முதலிடம் பெற்றது. 1974 போரில் சைப்ரஸில் காணாமல் போனவர்கள் உயிரோடிருப்பதாக நம்பவைக்கப்பட்ட பெண்களைப் பற்றியது. அவர்கள் இறந்துவிட்டதற்கான ஆதாரம் இருந்தது. உடல் இல்லாமல் காரியம் செய்வதா, செய்தால் நம்பிக்கையைக் கைவிட்டதாகிவிடாதா என்ற தவிப்பு. 2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பிள்ளைகளின் படத்தைப் பிடித்துக்கொண்டு தெருவில் உட்கார்ந்த தாய்மாரை அறிந்தவர்களுக்கு இந்தக் கதையில் அந்நியமாக எதுவும் இருக்காது. அரசியலைப் பேசாமல், துக்கத்தின் நடைமுறைகளை மட்டும் பேசியே அரசியல் முழுவதையும் கொண்டுவந்துவிடும் கதை. போர் பற்றிய நம் கதைகள் பல செய்தி அறிக்கையின் நீளமான வாக்கியங்களில் மாட்டிக்கொள்ளும்போது, எதிர்ப்பக்கத்தில் வைத்துப் பார்க்க இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

மற்றவற்றை விரைவாகப் பார்க்கலாம். 2016இல் வென்ற பராஷர் குல்கர்ணியின் ‘பசுவும் கம்பெனியும்’ ஆங்கிலேயர் கால இந்தியாவில் சூயிங்கம் நிறுவனத்துக்காகப் பசு ஒன்றைத் தேடிக் கிளம்பும் நான்கு ஆண்களைப் பற்றிய நையாண்டி. வென்ற கதைகளிலேயே வாய்விட்டுச் சிரிக்க வைப்பது இதுதான். இந்தியாவிலிருந்து ஒட்டுமொத்தமாக வென்ற முதல் கதையும் இதுவே. 2017இல் கரீபியன் தீவான டிரினிடாடைச் சேர்ந்த இங்கிரிட் பெர்சாட் எழுதிய கதை சாக்லேட்டை வைத்து அப்பனையும் மகனையும் சேர்க்கிறது. அதே கதை 2018இல் பிபிசி தேசியச் சிறுகதை விருதையும் பெற்றது. 2018இல் வென்ற கெவின் ஜாரெட் ஹொசைனும் டிரினிடாட்காரர்தான். மதுக்கடையில் கேட்ட ஒரு செய்தியைத் தொடர்ந்து காட்டுக்குள் போகும் மனிதனின் கதை. இந்த இரண்டும் டிரினிடாடின் பேச்சு மொழியிலேயே நடக்கின்றன. இலக்கண ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் முதல் பக்கத்தில் தடுமாறுவார். வாய்விட்டுப் படித்தால் பிடிபட்டுவிடும். வட்டார வழக்கில் எழுதினால் பன்னாட்டு நடுவருக்குப் புரியாது என்று கரிசல், கொங்கு, யாழ்ப்பாணத் தமிழைத் துடைத்துவிட்டு அனுப்ப நினைக்கிறவர்கள் இந்த இரண்டையும் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

2022இல், தென்னாப்பிரிக்காவை ஒட்டிய சிறு நாடான எஸ்வாட்டினியின் நிட்சிகா கோட்டா எழுதிய கதை வேட்டையாடி வாழ்ந்த ஆதி மனிதர் நடுவே நடக்கும் முதல் கொலையைச் சொல்கிறது. மொழி உறுதியானது, ஆனால் முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடுவதால் இரண்டாம் வாசிப்பில் தளர்கிறது. 2023இல் ஜமைக்காவின் குவாமே மெக்ஃபர்சன் எழுதிய ‘ஒகோயி’, 1920 நவம்பரில் தேர்தல் நாளன்று அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்து ஒகோயி ஊரில் கறுப்பினத்தார் மேல் நடந்த படுகொலையைக் கையில் எடுக்கிறது. காரில் போகும் களைத்த மனிதனைக் காவலர் நிறுத்துவதில் தொடங்கி வரலாற்றுக்குள் போகிறது. தொடக்கம் நன்றாக இறுகியிருக்கிறது. வரலாற்றைச் சொல்லும் பகுதி மட்டும் பாடம் எடுக்கும் தொனிக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. 2025இல் வென்ற ஷனெல் சதர்லேண்டின் கதையில், மூழ்கும் அடிமைக் கப்பலின் அடித்தளத்தில் அடைக்கப்பட்டவர்கள் ஒருவருக்கொருவர் தங்கள் வாழ்க்கையைச் சொல்லிக்கொள்கிறார்கள். மீண்டும் அதே சங்கதிதான்: சாகும் தறுவாயில் சொல்பவரும், சாகும் தறுவாயில் கேட்பவரும்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். வரிசையாக வாசித்தால் ஒரு சாய்வு தெரிகிறது. கொலை, படுகொலை, காணாமல் போதல், அடிமைத்தனம் என்று ஒரு நாட்டின் பெரிய காயத்தை ஏந்தி வரும் கதைகள் மேலே ஏறுகின்றன. சின்ன விஷயம், அன்றாடம், சிரிப்பு ஆகியவை அபூர்வம். பசுக் கதையும் ஐஸ்வர்யா ராய் கதையும் அதனாலேயே மூச்சு விட இடம் தருகின்றன. இன்னொன்று, பல கதைகள் ஒரே மாதிரி முடிகின்றன. கடைசிப் பத்தியில் ஒரு காட்சிப் படிமம், ஒரு மௌனம், அத்துடன் நிறுத்தம். தனித்தனியாகப் படித்தால் அழகு. ஒரே நாளில் ஐந்து படித்தால் அச்சில் வார்த்தது போலத் தோன்றும். வாரத்துக்கு ஒன்றாகப் படிப்பதே நல்லது.

2012 முதல் 2025 வரை ஒட்டுமொத்தமாக வென்றவற்றில் தமிழில் எழுதப்பட்ட கதை ஒன்றும் இல்லை. நம்மிடம் நல்ல கதை இல்லாததால் அல்ல. 1970 முதல் மாதந்தோறும் இதழ்களில் வந்தவற்றிலிருந்து ஒரு கதையைத் தேர்ந்தெடுத்த இலக்கியச் சிந்தனைத் தொகுதிகளைப் புரட்டினாலே, இந்த மேடையில் நிற்கக்கூடியவை கண்ணில் படும். ஆனால் அவை இதழில் வெளியானவை. இங்கே வேண்டியது வெளியாகாத கதை. அளவும் வேறு. வார இதழில் மூன்று நான்கு பக்கம் வரும் கதை பெரும்பாலும் இரண்டாயிரம் சொல்லைத் தொடாது. அதை இழுத்து நீட்டி அனுப்பினால் நடுவில் தொய்வு பளிச்சென்று தெரியும். இந்தப் போட்டிக்கு அந்த நீளத்தைத் தாங்கும் கதையைத் தொடக்கத்திலிருந்தே நெய்ய வேண்டும். இரண்டாவது ஒரு இழை வேண்டும்: மகும்பிக்கு வெள்ளையடிப்பு, தாக்கூருக்குத் துணி துவைக்கும் இயந்திரம்.

சொல் எண்ணிக்கையில் தமிழுக்கென்று ஒரு கணக்கு உண்டு. ‘வந்துகொண்டிருந்தவனிடம்’ என்பது நமக்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் ஐந்தாறு சொல்லாகும். தமிழ்க் கதை ஆங்கிலத்துக்குப் போகும்போது ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நீளும். ஆகவே மொழிபெயர்த்து ஆங்கிலக் கதையாக அனுப்ப நினைப்பவர் தமிழில் மூவாயிரம் சொல்லுக்குள் நிறுத்திக்கொள்வது பாதுகாப்பு. தமிழிலேயே அனுப்புகிறவருக்கும் இந்தக் கணக்கு பயன்படும், ஏனென்றால் கதை மேலே போனால் நடுவர் குழு படிப்பது ஆங்கிலத்தில்தான்.

அங்கேதான் நம் கதைகளுக்கு உண்மையான ஆபத்து காத்திருக்கிறது. தமிழில் கதையின் திருப்பமே சில சமயம் ஒரு விகுதியில் இருக்கும். பத்து ஆண்டுகளாக ‘நீங்க’ என்று சொன்னவள் ஒரு நாள் ‘நீ’ என்கிறாள். கூலிக்காரரைப் பண்ணையார் மகன் ‘வாங்க’ என்கிறான். அத்தை ‘வாடி’ என்பதும் ‘வாம்மா’ என்பதும் வேறு வேறு நாள்களில் வேறு வேறு பொருள் தரும். ஆங்கிலத்தில் இவை எல்லாம் ஒரே சொல்லாகச் சுருங்கிவிடும். அத்தை, சித்தி, மாமி, பெரியம்மா நால்வரும் ஒருத்தியாகிவிடுவார்கள். அத்தை மகன் என்றாலே முறைப்பையன் என்ற குறிப்பு நமக்குத் தானாக வரும், வெளியாருக்கு வராது.

இதற்காகத் தமிழை நீர்க்கச் செய்ய வேண்டியதில்லை. திருப்பத்தை ஒரு செயலோடும் சேர்த்துக் கட்டினால் போதும். ‘நீ’ என்று சொல்கிற அதே கணத்தில் அவள் எழுந்து நிற்காமல் இருக்கலாம். அவன் தம்ளரை அவனே கழுவிக் கவிழ்க்கட்டும் என்று விட்டுவிடலாம். விகுதி போனாலும் செயல் நிற்கும். முறைப்பெயர்களை ஊர்ப்பெயரோடு சேர்த்துவிட்டால், ‘தென்காசி அத்தை’, ‘கொழும்புச் சித்தி’ என்று, மொழி மாறினாலும் ஆள் மாற மாட்டார்கள். முதல் பத்தியிலேயே ஏழு உறவினரை வரிசையாக அறிமுகப்படுத்துவதை விட்டுவிடுங்கள். முதல் பக்கத்துக்கு மூன்று பேர் போதும். கடைசிப் பத்தியில் யாராவது நல்லது சொல்லிக்கொண்டிருந்தால் அந்தப் பத்தியை வெட்டிவிட்டு அதற்கு முந்தைய பத்தியில் கதை நிற்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் நிற்கும்.

அனுப்புவதில் ஆட்கள் சறுக்கும் இடங்கள் சிலவும் உண்டு. ஒருவர் ஒரு கதைதான் அனுப்பலாம். பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும், காமன்வெல்த் நாட்டின் குடியுரிமை வேண்டும். எங்கே வசிக்கிறீர்கள் என்பது கணக்கில் இல்லை. எந்த நாட்டுக் குடிமகன் என்பதுதான் கணக்கு. பாரிசில் இலங்கைக் கடவுச்சீட்டோடு இருப்பவர் அனுப்பலாம். பிரெஞ்சுக் குடியுரிமை மட்டும் பெற்றுவிட்டவர் அனுப்ப முடியாது. டொராண்டோவிலோ லண்டனிலோ குடியுரிமை பெற்ற தமிழருக்குத் தடையில்லை, ஆனால் அவர் போட்டியிடுவது ஆசிய மண்டலத்தில் அல்ல, கனடா, ஐரோப்பா மண்டலத்தில்.

மொழிபெயர்ப்பாக அனுப்பலாம், அந்தக் கதை வென்றால் மொழிபெயர்ப்பாளருக்கும் தனியாகப் பரிசுத் தொகை உண்டு. அதனால் ஆங்கிலம் தெரிந்த நண்பரை உதவிக்கு அழைக்கும்போது அவர் பெயரையும் முறையாகப் பதிவு செய்துவிடுங்கள், பிறகு சங்கடம் வராது. தமிழிலேயே அனுப்பினால் யூனிகோடு எழுத்துருவில் தட்டச்சு செய்யுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு அடுத்தவர் கணினியில் ஆங்கிலக் குப்பையாகத் திறக்கும்; அதை யாரும் உட்கார்ந்து மாற்றிப் படித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். கோப்பின் தலைப்பகுதியில், பக்க அடியில், கோப்புப் பெயரில் எங்கும் உங்கள் பெயர் இல்லையா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வாசல் பெரும்பாலும் செப்டம்பர் தொடக்கத்தில் திறந்து நவம்பர் முதல் தேதியோடு மூடுகிறது. குறும்பட்டியல், மண்டல வெற்றி, ஒட்டுமொத்த வெற்றி மூன்றும் அடுத்த ஆண்டின் ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையில் படிப்படியாக வருகின்றன. தேறாத கதைக்குக் கருத்துரை எதுவும் கிடைக்காது. அந்த இடைக்காலத்திலும் கதை வெளியாகாததாகவே இருக்க வேண்டும். இதில்தான் தமிழ் எழுத்தாளர்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்: கதையை எழுதி முடித்த இரவே முகநூலிலோ வலைப்பூவிலோ போட்டுவிட்டு, பத்துப் பேர் பாராட்டிய பிறகு போட்டியை நினைத்துக்கொள்வது. அங்கே போட்டாலும் வெளியானதுதான். பிறகு நீக்கினாலும் வெளியாகாததாக மாறாது. நான்கு நண்பர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பிக் கருத்துக் கேளுங்கள். அதில் ஒருவராவது தமிழ் இலக்கியம் படிக்காதவராக இருக்கட்டும், கதை எங்கே வழுக்குகிறது என்று அவர்தான் சரியாகச் சொல்வார்.